அம்மாவுக்கு வந்த அரிப்பு

எங்கள் வீட்டில் சோப்புக்கென்று ஒரு சட்டம் இருந்தது. புதுச் சோப்பு வந்ததும் அம்மா உறையைப் பிரித்து, பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்துவிடுவாள். புடவைக்கு வாசனையாச்சு, சோப்பும் காய்ந்து இறுகினால் சீக்கிரம் கரையாது. குளியலறையில் இருப்பது வெற்றிலை கனத்துக்குத் தேய்ந்த பிறகுதான் புதுசுக்கு விடுதலை. அப்போதும் பழசுக்கு ஓய்வு கிடையாது. புதுச் சோப்பின் முதுகை நனைத்து அதன்மேல் பழசை ஒட்டி வைப்பாள். பச்சையும் வெள்ளையும் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் அப்பா, "கலப்புத் திருமணம்" என்பார்.

மேடவாக்கத்தில் எங்களுடையது ஒரே குளியலறை உள்ள ஃபிளாட். அப்பா தாம்பரத்தில் கணக்கு வாத்தியார். அவருடைய தம்பி, என் சித்தப்பா, ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தார். எனக்கு எட்டு வயதில் அவருக்குக் கல்யாணமாகி, படப்பையிலிருந்து சித்தி வந்தாள். வந்த மறுநாள் எங்கள் சோப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை பாட்டில் நின்றது. அதற்குப் பெயர் பாடி வாஷ் என்று சித்தப்பா சொன்னார்.

அம்மாவுக்குச் சுருக்கென்றது. "நாம தேச்ச சோப்பைத் தொட அவளுக்கு அருவருப்பு" என்று சமையலறையில் அப்பாவிடம் குமுறினாள். "அதுலயும் பாருங்க, ஒரு வாசனைகூட இல்ல. வாசனையில்லாததைப் போய் யாராவது காசு குடுத்து வாங்குவாங்களா? எல்லாம் பவிசு!"

அப்பா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பெற்றோர் போன பிறகு தம்பியைக் கையோடு வைத்து வளர்த்தவர் அவர். இரண்டு பெண்களுக்கும் முட்டிக்கொண்டால் தம்பி தனிக்குடித்தனம் போய்விடுவானே என்பது அவர் கவலை. எனக்கும் அதே கவலைதான், காரணம் மட்டும் வேறு. அம்மா எனக்கு இரட்டைச் சடை போட்டால் ஒன்று கிழக்கே பார்க்கும், ஒன்று மேற்கே பார்க்கும். சித்தி போட்டால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். அப்படிப்பட்ட சித்தியை நான் எப்படி விடுவேன்?

பாட்டிலுக்கு ஆபத்து அப்பா ரூபத்தில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் ஆராதனைக்குக் கோயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில், யாருக்கும் தெரியாமல் அதைச் சோதித்துப் பார்க்க அவருக்கு ஆசை வந்துவிட்டது. தீபாவளிக்கு எண்ணெய் தேய்ப்பவர்கள்போல உள்ளங்கை நிறைய ஊற்றிப் பூசிக்கொண்டார். எங்கள் உப்புத் தண்ணீரில் சோப்பு போட்டால் உடம்பு கறகறவென்றிருக்கும். அதைத்தான் அவர் சுத்தம் என்று நாற்பது வருஷமாக நம்பியிருந்தார். இதுவோ எத்தனை சொம்பு ஊற்றினாலும் வழவழவென்றே இருந்தது. ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"போகவே மாட்டேங்குது!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்னங்க போகல?"

"வழவழப்பு!"

அதற்குள் மாடித் தொட்டி காலி. லாரித் தண்ணீர் மத்தியானம்தான் வரும். மிச்சப் பேர் கைகால் முகம் கழுவி, பவுடர் அடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனோம். பிரசங்கம் பாதி முடிந்திருந்தது. கடைசி வரிசையில் அப்பா மட்டும் பளபளவென்று உட்கார்ந்திருந்தார்.

வீடு திரும்பியதும் அம்மா தீர்ப்பு சொன்னாள். "ஒரு பாத்ரூமுக்கு ஒரு சோப்புதான். ரெண்டு கடை வேணாம்."

சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சித்தி அவரைப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். "சரிக்கா" என்று சொல்லி, சித்தியே பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்த் தன் பெட்டியில் வைத்தாள்.

அம்மா ஜெயித்த வீட்டில் அதன்பிறகு சிரிப்பு குறைந்தது. சித்தி கொளுத்துகிற வெயிலில் முழுக்கை வைத்த சுடிதார் போட ஆரம்பித்தாள். அது புது ஃபேஷன் என்று நினைத்து நானும் ஒன்று கேட்டு அடம்பிடித்தேன். சித்தப்பா வண்டலூர்ப் பக்கம் வாடகைக்கு வீடு கிடைக்குமா என்று போனில் விசாரிப்பதைக் கேட்டேன். அப்பாவிடம் சொல்லவும் பயம்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், தன் பட்டுப்புடவை ஒன்றைச் சித்திக்குக் கட்டிப் பார்க்கலாமென்று அம்மா அவளை அறைக்குள் கூப்பிட்டாள். அப்படியாவது சமாதானம் ஆகுமென்று நினைத்தாளோ என்னவோ. கொஞ்ச நேரத்தில் கதவு சாத்திக்கொண்டது. நான் காதை வைத்துக் கேட்டேன். சித்தி அழுதுகொண்டிருந்தாள்.

"இதை எங்கிட்ட சொல்றதுக்கு என்னடி உனக்கு?" என்றாள் அம்மா.

அம்மா அவளை 'டி' போட்டுப் பேசி நான் கேட்டதேயில்லை. போச்சு, வண்டலூர்தான் என்று முடிவு செய்து நானும் வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் அம்மா பஸ் பிடித்துத் தாம்பரம் போனாள். திரும்பும்போது கையில் அதே மாதிரி வெள்ளை பாட்டில், ஆனால் பெரியது. ராத்திரிச் சாப்பாட்டில் அறிவித்தாள்.

"எனக்கு சோப்பு ஒத்துக்கல. கையெல்லாம் அரிக்குது. டாக்டர் இதைத்தான் போடச் சொன்னாரு. இனிமே வீட்டுல எல்லாருக்கும் இதான்."

அப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை. "ஓகோ! பவிசு உனக்கும் வந்துடுச்சா?"

"ஆமா, வந்துடுச்சு. நீங்க மட்டும் ஒரு சொட்டுக்கு மேல தொடக் கூடாது" என்று சொல்லி, அம்மா இடது கையைப் பரக்பரக்கென்று சொறிந்து காட்டினாள். சித்தப்பா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவேயில்லை. வண்டலூர்ப் பேச்சு அதோடு நின்றது. பீரோவிலிருந்த சோப்புகள் பாத்திரம் கழுவுமிடத்துக்கு மாற்றலாகிப் போயின.

சித்திக்குச் சின்ன வயதிலிருந்தே தோலில் சிவந்து தடிக்கும் தொந்தரவு உண்டு. அதைக் கேள்விப்பட்டு ஒரு சம்பந்தம் தட்டிப்போனதால், புகுந்த வீட்டில் மூச்சுவிடக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்களாம். சித்தப்பாவுக்கு மட்டும் தெரியும்; அவரிடமும் சித்தி சத்தியம் வாங்கியிருந்தாள். சோப்பு கட்டாயமானதும் முழங்கை வரை புண்ணாகி, அதை மறைக்கத்தான் முழுக்கை. இதெல்லாம் நான் கல்லூரி போன பிறகு சித்தியே சொல்லித் தெரிந்துகொண்டது. அம்மா இன்றுவரை வாய் திறக்கவில்லை. கேட்டால், "எனக்கு அப்போ அரிச்சுது" என்கிறாள்.

எட்டு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதுதான். அன்று ராத்திரிக் குடும்ப ஜெபத்தில் என் முறை வந்தபோது, கண்களை இறுக்க மூடிக்கொண்டு, "ஆண்டவரே, எங்க அம்மாவோட கை அரிப்பைச் சீக்கிரம் குணமாக்குங்க. தழும்புகூட இருக்கக் கூடாது" என்று உருகி வேண்டிக்கொண்டேன்.

எல்லாரும் ஆமென் சொன்னார்கள். சித்தியின் ஆமென் மட்டும் தழுதழுத்து, கடைசியாக வந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் அவள் அம்மாவின் சொறிந்து சிவந்த கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அம்மாவுக்கு ரொம்பப் பெரிய வியாதி போலிருக்கிறது, நம்மிடம் மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, நான் இன்னொரு தடவை முழங்கால் போட்டேன்.