கேட்டு எடுக்கவேண்டிய ஆள்

ஊரில் உயிரோடு இருக்கும் வாத்தியக்காரரை எடுப்பதானால் அவரைக் கேட்டு, அவர் வாயால் ஓம் என்று சம்மதம் சொன்ன பிறகே எடுக்கவேண்டும். ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்த விதி பொருந்தாது. அவர்களுக்கு எங்களைத் தெரியாது. இறந்தவர்களுக்கும் பொருந்தாது, அவர்கள் மறுப்பதில்லை.

குருநகரில் எங்கள் சம்மாட்டியாரின் வாடியில் வழங்கிய விதி இது. சம்மாட்டியார் என்பவர் வள்ளங்களுக்கும் வலைகளுக்கும் சொந்தக்காரர். வாடி என்பது அந்த வலைகளைப் போட்டு வைக்கும் கடற்கரைக் கொட்டில். விதி எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. பின்னாளில் மாவட்டச் செயலகத்தில் வேலை பார்த்து, மேலிடத்துச் சுற்றுநிருபங்களை வாசித்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவள் நான். அவற்றில் ஒன்றாவது இவ்வளவு சுருக்கமாகவும் தெளிவாகவும் இருந்ததாக ஞாபகம் இல்லை. ஆனால் எல்லா விதிகளுக்கும் நேர்வது இதற்கும் நேர்ந்தது. ஆக்கியவர்கள் நினைத்துப் பாராத ஓர் ஆள் வந்து சேர்ந்தார்.

கோயில் திருநாளுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை வாடியில் கோஷ்டி பிரிப்பார்கள். ஞாயிறு தொழிலுக்குப் போவதில்லை. காலைப் பூசை முடிந்து வந்த ஆண்கள் கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமாக உட்காருவார்கள். ஒரு பக்கத்துக்கு அப்பா தலைவர். மறுபக்கத்துக்கு அவருடைய தமையன், என் பெரியப்பா. உலகத்தில் உள்ள, இருந்த, எல்லாப் பாடகர்களிலும் வாத்தியக்காரர்களிலும் தலைக்கு ஐந்து பேரை மாறி மாறி எடுக்கவேண்டும். ஒருவர் எடுத்த ஆளை மற்றவர் தொட முடியாது. கடைசியில் எந்தக் கோஷ்டி திருநாளிரவு மேடை ஏறத் தகுந்தது என்று சம்மாட்டியார் தீர்ப்புச் சொல்வார். அந்த மேடையில் உண்மையில் ஏறப்போவது எங்கோ பேசி வைத்த ஒரு கோஷ்டிதான் என்பது யாரையும் தடுக்கவில்லை. தோற்ற பக்கம் வென்ற பக்கத்துக்குக் கூழ் பரிமாறவேண்டும்.

எடுக்கப்படுபவர் நன்றாக வாசிப்பவர் என்பது போதாது. அவருடைய இசையைக் கேட்டு ஊரில் ஒருவராவது தானும் பழக வாத்தியம் தூக்கியிருக்கவேண்டும். எதிர்ப்பக்கம் ‘ஆர் தூக்கினது?’ என்று கேட்டால் ஆளைக் காட்டவேண்டும். இதனால் மிகப் பெரிய வித்துவான்கள் பலர் எங்கள் வாடியில் தகுதி இழந்தார்கள். கேட்டு எடுக்கவேண்டும் என்ற விதி ஒரு சண்டைக்குப் பிறகு வந்தது. ஒரு வருடம் பெரியப்பா கேட்காமலே எடுத்த ட்ரம்ஸ்காரர், தோற்ற கோஷ்டியில் தன்னைச் சேர்த்துவிட்டார்கள் என்று கோபித்து, ஊர்க் கலியாணங்களில் வாசிக்க மறுத்துவிட்டார்.

கடைசி ஆளைப் பெரியவர்கள் எடுப்பதில்லை. கோயிலில் திருவுளச்சீட்டை ஒரு பிள்ளையின் கையால் எடுப்பிக்கும் வழக்கம் உண்டு. பிள்ளையின் கையில் வந்ததை யாரும் குறை சொல்லமாட்டார்கள். அந்த வழக்கத்தை வாடிக்கும் கொண்டுவந்திருந்தார்கள். கடைசிப் பெயர் ஒரு பிள்ளையின் வாயிலிருந்து வரவேண்டும். வந்தது வந்ததுதான். அப்பாவின் பக்கத்துப் பிள்ளை நான்.

அப்பாவின் கோஷ்டியில் கிற்றார் இடம் வருடாவருடம் சித்தப்பாவுக்கு உரியது. சகோதரர் மூவரில் இளையவர். கிற்றாரைக் கழுவிய கைக்கு மட்டும் கொடுப்பார். மீன் நாறும் கையோடு யாராவது தொட்டால் அன்று முழுவதும் பேசமாட்டார். என்னைத் தன் முன்னால் இருத்தி, என் விரல்களைக் கம்பிகளில் வைத்து அழுத்திப் பிடித்துக் காட்டிக்கொடுத்தவர். பெம்பிளைப் பிள்ளைக்கு இது ஏன் என்று அம்மா கேட்டபோது, ‘விரல் பத்துத்தானே இருக்குது, மச்சாள்’ என்றார். கோஷ்டி பிரிக்கும்போது அப்பா ‘என்ன, வாறியோ?’ என்று கேட்பார். சித்தப்பா பதில் சொல்லாமல் ஒரு கம்பியைத் தட்டுவார். சம்மாட்டியார் விடமாட்டார். ‘கம்பிக்கு வாய் இல்லை. வாயாலை சொல்லடாப்பா’ என்பார். சித்தப்பா சிரித்துக்கொண்டு ‘ஓம்’ என்பார்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, வாடைக்காற்றுக் காலத்தில் ஒரு விடியற்காலை, போட்ட வலையை எடுக்கத் தனியாகப் போன சித்தப்பா திரும்பி வரவில்லை. வள்ளம் கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை. தேடப் போனவர்கள் போனபடியே வந்தார்கள். கோயிலில் துக்கமணி அடிக்கவில்லை. அடிக்கவேண்டாம் என்று சித்தி சொல்லிவிட்டாள். சித்தப்பாவின் கிற்றார் அவள் வீட்டுச் சுவரில் தொங்கியது. வாசிக்காமல் வைப்பதென்றால் கம்பிகளைத் தளர்த்தவேண்டும், இல்லாவிட்டால் கழுத்து வளைந்துவிடும் என்று அப்பா ஒருமுறை சொல்லிப் பார்த்தார். ‘அவர் முறுக்கினது முறுக்கினபடி இருக்கட்டும், அத்தான்’ என்றாள். அப்பா அதற்குப் பிறகு அந்தச் சுவர்ப் பக்கம் பார்ப்பதில்லை.

அந்த வருடமும் திருநாள் வந்தது. கோஷ்டி பிரிக்காமல் விட்டால் ஏன் விட்டோம் என்று சொல்லவேண்டி வரும். அதனால் பிரித்தார்கள் என்று இப்போது நினைக்கிறேன். அன்று காலை அப்பா என்னைக் கூப்பிட்டு, கொழும்பு றேடியோவில் வாசிக்கும் ஒரு பறங்கிக் கிற்றார்காரரின் பெயரைச் சொல்லித்தந்தார். ‘கடைசியிலை கேக்கேக்கை உந்தப் பேரைச் சொல்லு.’ பிள்ளையின் வாயில் தானாக வருவது இப்படித்தான் ஏற்பாடு செய்யப்பட்டது. பிற்காலத்தில் பல நேர்முகத் தேர்வுகளில் இதே முறையைக் கண்டேன்.

வாடிக்கு வெளியே, பூவரச மர நிழலில், அம்மாவும் சித்தியும் கூழுக்கு நண்டும் மீனும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா வராமல் போனதற்குப் பிறகு சித்தி அன்றுதான் முதல்முறை ஆட்களுக்குள் வந்திருந்தாள். நிறச்சேலைதான் உடுத்தியிருந்தாள்.

காசு சுண்டியதில் பெரியப்பா வென்றார். சென்னைச் சினிமாப் பாடகர் ஒருவரை முதலில் எடுத்தார்.

‘உங்கடை ஆளுக்கு மூக்காலை எல்லோ குரல் வரும், அண்ணை’ என்றார் அப்பா.

‘மூக்காலை வந்தாலும் விடியத் துவங்கி உன்ரை வீட்டிலை அந்தப் பாட்டுத்தானே கேக்குது.’

அப்பா ஒரு வயலின் வித்துவானை எடுத்தார். அவர் இறந்து கனகாலம்; கேட்கவேண்டியதில்லை. பிறகு பக்கத்தில் இருந்த ட்ரம்ஸ்காரரைப் பார்த்து, ‘என்ன, இந்த முறை என்னோடை வாறீரோ?’ என்றார். ‘கூழுக்கு முதல் கேட்டால் ஓம் எண்டுதானே சொல்லவேணும்’ என்றார் ட்ரம்ஸ்காரர். எல்லோரும் சிரித்தார்கள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள்.

தன்னுடைய நாலாவது ஆளாகப் பெரியப்பா அந்தக் கொழும்புக் கிற்றார்காரரை எடுத்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, ‘தம்பி, பிள்ளைக்குப் பாடமாக்கின ஆள் இப்ப என்ரை வள்ளத்திலை’ என்றார். அடுத்த பெயரை எனக்குச் சொல்லித்தர அப்பாவுக்கு வழி இல்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முறை சுற்றி என்னிடம் வந்தது.

எனக்குத் தெரிந்த கிற்றார்காரர் வேறு யார் இருக்கிறார்?

‘சித்தப்பா’ என்றேன்.

பெரியப்பா வருடக்கணக்கான பழக்கத்தில், யோசிக்காமலே கேட்டார். ‘ஆர் அவனைக் கேட்டு வாத்தியம் தூக்கினது?’

‘நான்.’

அவர் கையிலிருந்த வலை கீழே இறங்கியது. பெரியப்பா முரட்டு மனிதர், ஆனால் அன்று அவருடைய குரல் பதமாக வந்தது. ‘சரி பிள்ளை. நான் மறிக்கேல்லை. உன்ரை பக்கமே எடுத்துக்கொள். அவனைக் கேக்கவும் தேவையில்லை.’

மறிக்கும் தன் உரிமையை விட்டுக்கொடுத்ததாகத்தான் அவர் நினைத்திருக்கவேண்டும். வெளியே சித்தியின் கத்தி நின்றது. அம்மாவின் கத்தியும் நின்றது. கேட்கத் தேவையில்லாதவர்கள் யார் என்று வாடியில் எல்லோருக்கும் தெரியும். சித்தப்பா வராமல் போனதிலிருந்து யாரும் சொல்லாத ஒன்றை, சொல்லவேண்டாம் என்று தானே எல்லோரையும் தடுத்திருந்த தமையன், தன் வாயால் சொல்லிவிட்டார். அது அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் ஆளைத் தருவார்களா மாட்டார்களா என்பதுதான் என் கவலை.

சம்மாட்டியார் வாயிலிருந்த சுருட்டை எடுத்தார்.

‘கேக்கோணும்’ என்றார். ‘ஆள் ஊராள். ஊராளைக் கேட்டுத்தான் எடுக்கவேணும். பதில் வரும்வரைக்கும் அந்த இடத்தை ஒருத்தருக்கும் குடுக்கேலாது. இண்டைக்குத் தீர்ப்பில்லை.’

சித்தி எழுந்து வாடி வாசலுக்கு வந்தாள். மீன் செதில் ஒட்டிய கையைச் சேலையில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

‘வந்த உடனை நான் கேட்டுச் சொல்லுறன், சம்மாட்டியார்’ என்றாள்.

‘ஓம் பிள்ளை. நீதான் கேட்டுச் சொல்லவேணும்’ என்றார் அவர்.

அன்று இரு பக்கமும் தங்கள் கூழைத் தாங்களே வார்த்துக் குடித்தார்கள். ஓலையில் மடித்த பிளாவைக் கையில் வைத்துக்கொண்டு பெரியப்பா குடிக்காமல் இருந்தார். உறைப்புக் கூடிப்போச்சோ என்று அம்மா கேட்டாள். ஓம் என்றார்.

எனக்குப் பெரிய ஏமாற்றம். ஆளைச் சரியாகத்தான் எடுத்திருந்தேன், அலுவலைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். வென்றிருப்போம் என்றும் நினைத்தேன். அதனால் சித்தியை எங்கே கண்டாலும் ‘கேட்டனீங்களோ?’ என்று கேட்டேன். கோயில் வாசலில் கேட்டேன், தண்ணீர்க் குழாயடியில் கேட்டேன். ‘இன்னும் இல்லைப் பிள்ளை’ என்பாள், ஒருநாளும் முகம் சுளிக்காமல். ஒருநாள் அம்மா என் தொடையில் கிள்ளி, இனி அதைக் கேட்கக் கூடாது என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. நான் விட்டுவிட்ட பிறகு, சித்தியாகவே என்னைக் கண்ட இடத்தில் ‘இன்னும் இல்லைப் பிள்ளை’ என்று சொல்லத் தொடங்கினாள். ஊரில் சித்தப்பா வருவார் என்ற நினைப்போடு கதைக்க அவளுக்கு மிஞ்சியிருந்தது நான் ஒருத்திதான் என்பது எனக்கு எப்படித் தெரியும்.

அடுத்தடுத்த வருடங்களிலும் கோஷ்டி பிரித்தார்கள். அப்பாவின் பக்கத்தில் கிற்றார் இடம் வெறுமையாகவே இருந்தது. பெரியப்பா அந்தக் குறையைக் காட்டி ஒருமுறையாவது வெற்றி கேட்கவில்லை. பிறகு பிரிப்பதற்கு ஆட்களும் இல்லை, வாடியும் இல்லை. போரில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது சித்தி சட்டி பானையை விட்டுவிட்டுக் கிற்றாரைச் சீலையில் சுற்றித் தென்மராட்சிவரை தோளில் கொண்டுபோனாள், திருப்பியும் கொண்டுவந்தாள். சம்மாட்டியார் கண்ணை மூடினார், பெரியப்பா போனார், அப்பா போனார். தீர்ப்புச் சொல்ல யாருமே இல்லாமல் ஒரு வழக்கு நிலுவையில் நின்றது. அரசாங்கத்தில் அப்படிப் பல உண்டு.

செயலகத்தில் நான் இருந்த பிரிவு, காணாமல்போனவர்களின் இறப்பைப் பதிவதற்கு வருகிறவர்களுக்கு வழி சொல்லும் பிரிவு. ஏழு வருடம் தகவல் இல்லாவிட்டால் இறந்தவராகக் கொள்ளலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. சத்தியக்கடதாசி யார் முடிப்பது, கிராம அலுவலர் எதை உறுதிப்படுத்துவது என்பதெல்லாம் நித்திரையிலும் சொல்லுவேன். வீடு நின்ற வளவைப் பேர் மாற்றி எழுதுவதற்குச் சித்தப்பாவின் ஒப்பம் தேவைப்பட்டபோது சித்தியை என் மேசைக்கு முன்னால் இருத்தி எல்லாவற்றையும் விளக்கினேன். கவனமாகக் கேட்டாள்.

‘எல்லாம் சரி. அதிலை அவரைக் கேக்கிற இடம் எங்கை இருக்கு?’ என்றாள்.

அப்படி ஓர் இடம் இல்லை என்றேன். எழுந்து போய்விட்டாள். அந்த வளவு இன்னும் எழுதப்படவில்லை.

போன வருடம் மழைக்கால ஆரம்பத்தில் ஒரு பின்னேரம் சித்தி ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டாள். எண்பதை நெருங்குகிறாள். கிற்றாரை இறக்கி, கம்பிகளைத் தளர்த்திவிடச் சொன்னாள். உப்புக்காற்றில் பாதிக் கம்பிகள் அறுந்துபோயிருந்தன. கழுத்து, அப்பா சொன்னபடியே, வளைந்திருந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து தொட்டேன். கறள் பிடித்த முறுக்காணி திரும்பும்போது கடைசிக் கம்பி ஒருமுறை சத்தமிட்டு அடங்கியது. சித்தி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு, நாளைக்கு ஓட்டோ பிடித்துத் தன்னைச் சேமக்காலைக்குக் கூட்டிப் போக முடியுமா என்று கேட்டாள்.

சேமக்காலை எங்கள் கல்லறைத் தோட்டம். அடுத்த நாள் மரித்தோர் நாள். ஊரே அங்கே போய்த் தத்தம் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தும். சித்தி ஒரு வருடமும் போனதில்லை. அவளுக்கு அங்கே கல்லறை இல்லை, போகவேண்டிய காரணமும் இல்லை என்று இருந்தாள்.

பூசை நடுவில் சுவாமியார் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார். பெயர்களை முதலே கொடுத்து வைக்கவேண்டும். சித்தி யார் மூலம் கொடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. அப்பாவின் பெயர் வந்தது. பெரியப்பாவின் பெயர் வந்தது. அவற்றுக்குப் பக்கத்தில், இளையவரின் பெயரும் வந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். சித்தி மெழுகுதிரியைக் காற்றுக்குக் கையால் மறைத்துக்கொண்டிருந்தாள். என் காதுக்குக் குனிந்தாள்.

‘கேட்டிட்டன், பிள்ளை. ஓமாம். உங்கடை பக்கத்துக்கே வாறாராம்.’

பதில் கிடைத்த நாள்: நவம்பர் மாதம், இரண்டாம் திகதி.