அரைக்காலும் மைனஸ் எட்டும்

என் வீட்டுக்காரருக்குக் கணக்கு நல்லா வரும்னு எங்க சொந்தம் முழுக்கத் தெரியும். அவரே சொல்லிச் சொல்லித் தெரிய வெச்சதுதான். மெக்கானிக்கல் இன்ஜினியர், மைசூர்லயே பொறந்து வளர்ந்த தமிழர். நான் தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பொண்ணு. பி.எஸ்ஸி. கணக்கு, பி.எட். ரெண்டையும் முடிச்ச கையோட கட்டிக்கொடுத்துட்டாங்க. "போகோணும், வரோணும்"னு நான் பேசினா இன்னிக்கும் இந்த வீட்ல சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்னு நானும் மாத்திக்கலை.

போன வருஷம் குவெம்புநகர் பக்கம் ஒரு தனியார் ஸ்கூல்ல கணக்கு டீச்சர் வேணும்னு கேட்டிருந்தாங்க. எழுதிப் போட்டேன். டெமோ கிளாஸ் எடுக்கச் சொல்லி மெயில் போட்டாங்க. எட்டாம் வகுப்பு, பூஜ்ஜிய அடுக்கும் மைனஸ் அடுக்கும். எனக்கு அந்த வேலை வேணும். பகல்ல கொஞ்ச நேரமாவது இந்த வீட்டை விட்டு வெளிய இருக்கோணும், படிச்ச படிப்புக்கு ஒரு மரியாதை வேணும். வேற காரணம் ஒண்ணும் கிடையாது.

டெமோவுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை நாத்தனாரும் அவங்க வீட்டுக்காரரும் சாப்பிட வந்திருந்தாங்க. கை கழுவினதும் இவருக்கு ஒரு ஆசை, எல்லார் முன்னாடியும் எனக்கு டெஸ்ட் வைக்கோணும்னு. பேப்பர் ஓரத்துல டூ பவர் ஜீரோன்னு எழுதினாரு. ஒண்ணுன்னேன். சரின்னுட்டாரு. ஏன் ஒண்ணுன்னு கேட்கலை. கேட்டா அவரும் பதில் சொல்லோணுமே. அடுத்து டூ பவர் மைனஸ் த்ரீ. எட்டில் ஒண்ணுன்னேன்.

"தப்பு. மைனஸ் எட்டு."

விளையாடறாருன்னு நினைச்சேன். இல்லை. அந்த மைனஸ் குறியைப் பேனாவால குத்திக் குத்திக் காட்டினாரு. "கண்ணு தெரியுதா? மைனஸ் போட்டிருக்கு. விடையும் மைனஸ்லதான் வரும்."

"அப்படி இல்லைங்க. அடுக்கு ஒண்ணு குறையக் குறையப் பாதியாகுது. எட்டு, நாலு, ரெண்டு. அடுக்கு பூஜ்ஜியத்துக்கு வந்தா ஒண்ணு. அதுக்குக் கீழ அரை, கால், அரைக்கால், அதான் எட்டில் ஒண்ணு. பாதி பாதியா வெட்டிட்டே போனா சின்னதாகும். மைனஸுக்கு எப்படிங்க போகும்?"

"சும்னிரு"ன்னாரு, வாயை மூடுன்னு. கோவம் வந்தா அவருக்குக் கன்னடம்தான் வரும். "ஹனூர்ல படிச்சுட்டு இன்ஜினியருக்குப் பாடம் எடுக்க வந்துட்டா."

வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். எனக்கும் மூக்குக்கு மேல கோவம். "இன்ஜினியர் சொன்னாலும் தப்பு தப்புதாங்க"ன்னேன். நாத்தனார் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிச்சாரு. "மாப்ளே, தங்கச்சி சொல்றதுதான் சரி. காலேஜுக்குப் போய் டிகிரியைத் திருப்பிக் குடுத்துட்டு வா." இவர் முகம் கறுத்துப்போச்சு. அன்னிக்கு ராத்திரி சோறு வேண்டாம்னுட்டாரு. நானும் போய்க் கெஞ்சலை.

டெமோவுல ஒரு பொண்ணு எழுந்து கேட்டா. "ரெண்டை ஒரு தடவைகூட எடுக்கலைன்னா ஒண்ணுமே இருக்காதே மிஸ், எப்படி ஒண்ணு வரும்?" ஆளுக்கொரு தாளை எடுக்கச் சொன்னேன். மூணு தடவை மடிச்சா எட்டுத் தாள் கனம். ஒரு மடிப்பைப் பிரிச்சா நாலு, இன்னொண்ணைப் பிரிச்சா ரெண்டு. எல்லா மடிப்பையும் பிரிச்சாச்சு, இப்ப மடிப்பு பூஜ்ஜியம். கையில என்ன இருக்குன்னு கேட்டேன். ஒரு தாள்னு மொத்த கிளாஸும் சொல்லுச்சு. அப்புறம் போர்டுல ஒண்ணை எழுதி, இதையும் பாதியாக்குங்கன்னு மைனஸ் பக்கம் கூட்டிட்டுப் போனேன். பின் பெஞ்சுல உக்காந்திருந்த பிரின்சிபல் மேடம் தலையாட்டினாங்க. ரெண்டு நாள்ல போன் பண்றோம்னாங்க.

போன் வரலை. ஒரு வாரம் போச்சு, ரெண்டு வாரம் போச்சு. இவர் தினமும் காபியை உறிஞ்சிட்டே கேப்பாரு. "என்ன, கூப்பிட்டாங்களா?" இல்லைன்னு தலையாட்டுவேன். "எட்டில் ஒண்ணுன்னு போர்டுல எழுதினவளுக்கு யாரு வேலை குடுப்பா? அன்னிக்கே சொன்னேன், கேட்டியா?"

மொதல்ல பல்லைக் கடிச்சுட்டுதான் இருந்தேன். தினமும் ஒருத்தர் அதையே சொன்னா மனசு என்னதான் பண்ணும்? பழைய காலேஜ் புஸ்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அரைக்கால்தான். சந்தேகமே இல்லை. ஆனாலும் வேற எங்கியோ சொதப்பியிருக்கேன், எனக்குப் பாடம் நடத்தவே வராதுன்னு உள்ளுக்குள்ள அரிச்சுட்டே இருந்துச்சு. பக்கத்து வீட்டுப் பொண்ணு ஒருநாள் கணக்குல சந்தேகம்னு நோட்டைத் தூக்கிட்டு வந்தா. எனக்கு எல்லாம் மறந்துபோச்சும்மான்னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டேன்.

அன்னிக்கு எனக்கே என் மேல வெறுப்பாயிடுச்சு. எங்க தப்பு பண்ணினேன்னாவது கேட்டுட்டு வந்துடோணும்னு அடுத்த நாள் ஸ்கூலுக்கே போனேன். பிரின்சிபல் மேடம் என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. "நாங்க அடுத்த நாளே போன் பண்ணினோமே. உங்க வீட்டுக்காரர்தான் எடுத்தாரு. உங்களுக்கு விருப்பம் இல்லைன்னு சொல்லிட்டாரு."

இந்த வீட்ல கேஸ் சிலிண்டர்ல இருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் எதுக்கும் அவர் நம்பரைக் குடுக்கறதுதான் வழக்கம். வேலைக்கு எழுதறப்பவும் என் கை தானா அதையே எழுதியிருக்கு. ஸ்கூல்ல அந்த வேலைக்கு இப்ப வேற ஆள் வந்தாச்சு. "என் கிளாஸ்ல ஏதாவது தப்பு இருந்துச்சுங்களா மேடம்?"னு கேட்டேன். "தப்பா? அந்த மிஸ் எப்ப வருவாங்கன்னு பசங்க கேட்டுட்டே இருந்தாங்க"ன்னாங்க. பஸ்ல ஏறி உக்காந்தேன். அழுகை இல்லை, ஆத்திரம்.

சாயங்காலம் அவர் டிவி முன்னாடி உக்காந்திருந்தாரு. "ஸ்கூல்ல இருந்து போன் வந்துச்சுங்களா?"ன்னேன்.

"வந்துச்சு. வேண்டாம்னுட்டேன். நீ போயிட்டா வீட்டை யாரு பாக்கறது?" கொஞ்சம்கூடக் கூச்சமில்லை.

"சரி, நான் வேலைக்குப் போறது பிடிக்கலை, மறைச்சுட்டீங்க. அப்புறம் எதுக்குத் தினமும் என் கணக்குத் தப்புன்னு சொன்னீங்க? அது எட்டில் ஒண்ணுன்னு இன்னுமா உங்களுக்குத் தெரியலை?"

திரும்பிக்கூடப் பார்க்கலை. "தெரியாம என்ன? அந்த ஞாயித்துக்கிழமையே கூகுள்ல பார்த்துட்டேன்."

அதுவரைக்கும் அந்த ஆள் வீம்புக்காகத் தெரியாத்தனமா பேசிட்டு இருக்கான்னுதான் நினைச்சிருந்தேன். இல்லை. நான் சொன்னதுதான் சரின்னு தெரிஞ்சு வெச்சுகிட்டு, வேலை எனக்குத்தான்னும் தெரிஞ்சு வெச்சுகிட்டு, நான் உள்ளுக்குள்ள சுருங்கிச் சுருங்கிப் போறதைத் தினமும் எதிர்ல உக்காந்து பார்த்திருக்கான்.

"வேலை போனது போகட்டும், வேற தேடிக்குவேன்"னேன். "சரின்னு தெரிஞ்சும் என்னை மக்குன்னு நம்ப வெச்சீங்களே, அதைச் சாகற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்."

டிவி சத்தத்தைக் கூட்டினான். நான் போய் ப்ளக்கைப் பிடுங்கிப் போட்டுட்டு, அவன் முன்னாடி வந்து நின்னு, அதையே இன்னொரு தடவை சொன்னேன்.