முப்பத்தெட்டாம் நம்பரின் பிள்ளை

கண்ணாடி அக்காவுக்கு இருபது வருடம் பஸ் பாஸ் ஆபீசில் வேலை. ஒரே ஆள் இரண்டு பெயரில் பாஸ் கேட்டால் போட்டோவைப் பார்த்தே பிடித்துவிடுவார். அந்த ஆபீசை மூடியதும் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த திமிங்கில ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார்.

தலைக்குள் இருக்கும் எண்ணெய்க்காக ஒரு காலத்தில் மனிதர்கள் வேட்டையாடித் தீர்த்த திமிங்கிலங்கள் அவை. வேட்டை நின்று பல வருடமாகியும் கூட்டம் மெதுவாகத்தான் பெருகியது. ஒரு தாய் நாலைந்து வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும். ஆழத்துக்குப் போகும்போது வாலைத் தூக்கும். வாலின் ஓரத்திலுள்ள வெட்டும் கிழிசலும் ஒன்றுக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருக்காது. படகுக்காரர் எடுத்துவரும் வால் படங்களைப் பழைய படங்களோடு ஒப்பிடுவதுதான் அக்காவின் வேலை.

ஒரு திங்கட்கிழமை வந்த படத்தைக் கம்ப்யூட்டர் 'புதிய திமிங்கிலம்' என்றது. அக்கா நிலையத் தலைவியைக் கூப்பிட்டார்.

"டாக்டரம்மா, இது புதுசு இல்ல. முப்பத்தெட்டாம் நம்பர்."

"அது செத்துடுச்சுன்னு எழுதிப் பதினாறு வருஷமாச்சே அக்கா."

"எழுதினா எழுதிக்கட்டும். இடது பக்கம் புதுசா ஒரு கடி விழுந்திருக்கு, அதுல மெஷின் ஏமாந்துடுச்சு. மீசை வச்சா ஆளே மாறிடுவாரா?"

இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். அந்தக் கடியைத் தவிர மற்ற வெட்டுகள் அச்சாகப் பொருந்தின. அடுத்த படத்தில் முப்பத்தெட்டின் விலாவோடு ஒட்டிக்கொண்டு சின்னதாக ஒரு முதுகு தெரிந்தது.

"குட்டி," என்றார் டாக்டரம்மா.

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டாக்டரம்மாவின் கையைப் பிடித்து மேஜையைச் சுற்றி ஒரு சுற்று சுற்றினார். என்ன சத்தம் என்று எட்டிப்பார்த்த படகுக்காரரும் அதில் மாட்டிக்கொண்டார். மூச்சு வாங்கியபடியே அக்கா பஸ் டிப்போவிலிருந்த கணவருக்குப் போன் போட்டார்.

"என்னங்க, பிள்ளை பொறந்திருக்கு."

"யாருக்கு?"

"முப்பத்தெட்டுக்கு."

அதோடு லைன் போய்விட்டது. கணவருக்குத் தெரிந்து முப்பத்தெட்டு வயதில் இருந்தவள் மச்சினன் பெண்டாட்டி ஒருத்திதான். சந்தோஷத்தில் டிப்போ முழுக்கச் சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் சொந்தம் மொத்தத்துக்கும் சேதி பரவிவிட்டது.

ஏழு மணிக்கு அக்காவுக்குத் தம்பி மனைவியின் போன் வந்தது.

"அண்ணி, எனக்கே தெரியாம எனக்குப் பிள்ளை பொறந்திருக்காமே. மூணு பேர் தொட்டில் வாங்கட்டுமான்னு கேட்டாங்க."

அக்கா சிரிப்புக்கு நடுவே ஒருவாறு விஷயத்தைச் சொல்லி முடித்தார்.

"சரி, தாயும் பிள்ளையும் சௌக்கியமா?"

"சௌக்கியம்தான். பிள்ளை ஒரு டன் இருக்கும்."

"அடேயப்பா. எப்ப போய்ப் பார்க்கலாம்?"

சனிக்கிழமை ஆய்வுப் படகில் இரண்டு பேருக்கு இடம் கிடைத்தது. மூன்று மணி நேரம் கடலைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. பிறகு படகுக்கு அப்பால் புஸ்ஸென்று நீராவி எழுந்தது. பக்கத்திலேயே இன்னொன்று, குட்டையாக.

"அண்ணி, என் பிள்ளை," என்றாள் தம்பி மனைவி.

அக்காவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் பிடித்து, படகுக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்ட வேண்டியதாயிற்று.