வெள்ளெண என்றால் எந்தத் திகதி?

1. குடும்ப அவசரம்

வேலை நேரத்தில் ஒரு தமிழரைத் தொலைபேசிக்குக் கூப்பிடுவதென்றால் தொண்ணூறுகளில் கொஞ்சம் யோசித்துத்தான் கூப்பிட வேண்டும். ஊரில், யாழ்ப்பாணத்தில், சண்டை நடந்துகொண்டிருந்த காலம். வேலைத்தலத்துக்கு அழைப்பு வந்தால் அது நல்ல செய்தியாக இருக்காது என்பது எல்லோருக்கும் அனுபவப் பாடம். இது எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் அன்று மத்தியானம் நகரத்துக்கு வெளியே பிறம்ரனில் உள்ள ஒரு வெயர்ஹவுஸுக்குத் தொலைபேசி அடித்து, குடும்ப அவசரம் என்று போர்மனிடம் சொன்னேன். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அந்த மனிதன் கனகலிங்கம் அண்ணையை ஃபோர்க்லிஃப்டில் இருந்து இறக்கியிருக்க மாட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து ரிசீவரை எடுத்தவர் ஹலோ சொல்லவில்லை.

"ஆர் போனது?" என்றார்.

"அண்ணை, நான் சுகந்தியின்ர பள்ளிக்கூடத்தில இருந்து கதைக்கிறன்."

"அது விளங்குது. ஆர் எண்டு சொல்லுங்கோ. நான் கதிரையில இருந்திட்டன்."

"ஒருதருக்கும் ஒண்டுமில்லை அண்ணை. எல்லாரும் சுகம். பேர்சரி ஃபோம் எங்க? இண்டைக்குத்தான் கடைசி நாள்."

மறுபக்கத்தில் பெரிய மூச்சொன்று வந்தது. அதற்குப் பின்னால் கோபம் வந்தது.

"ஃபோமோ? ஒரு ஃபோமுக்கு ஆராவது இப்பிடிக் கூப்பிடுவினமோ தங்கச்சி? கடைசி நாள் தை மாசமெல்லோ. நீங்கள்தானே வெள்ளெணக் குடுக்கவேணும் எண்டு சொன்னனீங்கள். அண்டைக்கு விடிய ஆறு மணிக்கே கதவடியில நிப்பன். போர்மனிட்ட லீவும் கேட்டு வைச்சிட்டன்."

அப்போது நவம்பர் முடிகிற கிழமை.

2. எள் என்றால் எண்ணெய்

இதை வாசிக்கிற பிள்ளைகளுக்கு நான் பார்த்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்காபரோவில் ஒரு உயர்பள்ளியில் கைடன்ஸ் ஒஃபிஸில் உதவியாளராக இருந்தேன். கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பிள்ளைகள் விண்ணப்பிக்கிற இடம் அது. ஃபைல் அடுக்குவது, தொலைபேசி எடுப்பது, கடைசி நாட்களைச் சுவரில் எழுதி ஒட்டுவது எல்லாம் என் வேலை. நியமனக் கடிதத்தில் எழுதாத இன்னொரு வேலை, தமிழ்ப் பெற்றோருக்கு எல்லாவற்றையும் தமிழில் சொல்வது. டோர்செட் பார்க் மாடிக் கட்டடங்களில் இருந்து வந்த பிள்ளைகள்தான் பள்ளிக்கூடத்தில் பாதி. ஆகவே எழுதாத வேலைதான் பெரிய வேலையாக இருந்தது.

எங்கள் சனத்துக்குக் கடைசி நாள் என்றால் ஒரு தனி மரியாதை. அதற்கு முதல் நாள் வரைக்கும் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். கலியாணக் கார்டில் போட்ட முகூர்த்தத்துக்குத் தாலி கட்டி முடிந்த பிறகு வந்து, நேரே சாப்பாட்டு வரிசையில் நிற்பவர்களுக்கு நான் என்ன சொல்லித் திருத்துவது?

கனகலிங்கம் அண்ணை அந்தக் கூட்டத்தில் சேர்த்தி இல்லை. அவர் எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஆள். பெற்றோர் கூட்டம் ஏழு மணிக்கென்றால் ஐந்தரைக்கே வந்து, துப்புரவுத் தொழிலாளியோடு சேர்ந்து கதிரை அடுக்குவார். கூட்டம் தொடங்கும்போது அவருக்கு நித்திரை வந்துவிடும். அது வேறு கதை.

அவருடைய மூத்த மகள் சுகந்தி நேர்சிங் படிக்க விரும்பினாள். நகரத்தின் நடுவில் இருந்த ஒரு கல்லூரியில், நவம்பருக்குள் விண்ணப்பித்தால் கிறிஸ்மஸுக்கு முன்னரே முடிவு சொல்லுகிற ஒழுங்கு இருந்தது. கல்லூரி விண்ணப்பத்தை நாங்களே அனுப்பினோம்; பேர்சரி என்கிற உதவிப்பணத்துக்கான ஃபோமும், அப்பாவின் கையெழுத்தோடு, அதே நாளுக்குள் போய்ச் சேரவேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் கடைசி நாள் ஜனவரியில். நேர்சிங் என்றால் ஜனவரியில் போட்டாலும் இவளுடைய புள்ளிகளுக்கு இடம் கிடைக்கும். ஏன் இந்த அவதி என்று ஒருநாள் கேட்டேன். கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னாள்.

"அப்பா சனி ஞாயிறு டவுன்ரவுனில ஒரு பில்டிங் கிளீன் பண்ணப் போறவர், அன்ரி. என்ர படிப்புக்குத்தான் அந்த வேலை எடுத்தவர். நெக்ஸ்ற் இயரும் செய்வாரோ எண்டு கிறிஸ்மஸுக்கு முதல் சுப்பவைசருக்குச் சொல்லவேணும். ஓம் எண்டால் இன்னொரு வருசம். பேர்சரி வருமெண்டு அதுக்கு முதல் தெரிஞ்சா, ஹி கேன் சே நோ. ஆனா அவருக்குச் சொல்லாதேங்கோ. சொன்னா எனக்கென்ன வயசோ போட்டுது எண்டு கத்துவார்."

அதனால்தான் நானும் காரணத்தை விட்டுவிட்டு, அப்பாவிடம் ஃபோமைக் கொடுத்தபோது ஒன்றே ஒன்றைச் சொன்னேன்: "அண்ணை, சுகந்தியின்ரயை வெள்ளெணக் குடுக்கவேணும்."

நான் நினைத்தது, மற்றவர்களை முந்திக்கொண்டு என்று. அவர் கேட்டது, விடியற்காலையில் என்று. யாழ்ப்பாணத்துப் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல். யாரும் பிழை சொல்ல முடியாது, ஆளையாள் குற்றம் சாட்ட மட்டும் முடியும். பக்கத்து வீட்டுப் பொடியனிடம் கடைசி நாளைக் கேட்டிருக்கிறார். அவன் தனக்குரிய ஜனவரித் திகதியைச் சொல்லியிருக்கிறான். அண்ணை அந்த நாளை எடுத்து, அதோடு காலை ஆறு மணியைச் சேர்த்து, நிம்மதியாக இருந்துவிட்டார்.

சுகந்தியோ, அப்பாவே எல்லோருக்கும் முந்தி எதையும் செய்கிறவர், எப்போதோ தபாலில் போட்டிருப்பார் என்று இருந்துவிட்டாள். அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்து, "ரிசீவ்ட் எண்டு லெற்றர் ஏதும் வந்ததோ அன்ரி?" என்று கேட்டபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. உடனே பிறம்ரனுக்கு அடித்தேன்.

"அண்ணை, இப்ப சண்டை பிடிக்க நேரமில்லை. ஃபோம் வீட்டிலயோ?"

"இல்லை. என்ர பாக்கில. பாக் காருக்க."

இந்தப் பாக்கைப் பற்றிச் சுகந்தியின் அம்மா என்னிடம் முன்பே முறையிட்டிருக்கிறார். பிறப்புப் பத்திரம், குடியேறி வந்த லாண்டட் பேப்பர், சம்பளக் கணக்குக்கான ரி-ஃபோர், தடுப்பூசி அட்டை, வீட்டு வாடகை றசீது என்று குடும்பத்தின் கடதாசி முழுவதும் ஒரு சின்னப் பயணப் பையில். ஊரில் இரவோடிரவாக ஓடிப் பழகிய கை, ஸ்காபரோவில் யார் துரத்தப் போகிறார்கள் என்று சொன்னாலும் கேட்காது. கடைக்குப் பால் வாங்கப் போனாலும் பை காரில் போகும். "இந்த மனுசன் என்னை மறந்தாலும் மறக்கும், பாக்கை மறக்காது" என்பார் அவர். அன்று அந்தப் பழக்கத்துக்கு நான் மனதுக்குள் கும்பிட்டேன்.

"நேர கல்லூரிக்கு வாங்கோ. நான் சுகந்தியைக் கூட்டிக்கொண்டு சப்வேயில வாறன். நாலரைக்குப் பூட்டிப் போடுவாங்கள்."

என் மேலதிகாரி மிஸிஸ் பார்க்கரிடம் விசயத்தைச் சொன்னேன். அண்ணை ஜனவரிக்கு லீவு கேட்டு வைத்த இடம் வந்ததும் சிரித்தார். பிறகு, போ, தொலைபேசியை நான் எடுக்கிறேன் என்றார். அவர் எடுத்தால் அடுத்த நாள் எனக்குத்தான் தலையிடி. இருந்தாலும் போனேன்.

3. யன்னலடியில்

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கனகலிங்கம் அண்ணை வந்து, வரிசையில் எங்களுக்கும் சேர்த்து இடம் பிடித்து நின்றார். பிறம்ரனில் இருந்து பனிக்குள் காரோட்டி வந்தவர், ஸ்காபரோவில் இருந்து ரயிலில் வந்த எங்களைப் பார்த்து, "ஏன் இவ்வளவு சுணக்கம்?" என்று கேட்டார். எப்படி ஓட்டினீர்கள் என்று நான் கேட்கவில்லை. சில விசயங்கள் தெரியாமல் இருப்பது நல்லது.

யன்னலுக்குள் இருந்த பெண்ணுக்கு என்னுடைய வயது இருக்கும். மரியாதையானவள். ஃபோமைத் திருப்பினாள், ரி-ஃபோரைப் பார்த்தாள், மறுபடி ஃபோமைப் பார்த்தாள்.

"மாணவியின் குடும்பப் பெயர் கனகலிங்கம். கையெழுத்துப் போட்டவருடைய குடும்பப் பெயர் வேலுப்பிள்ளை. இவர் யார்?"

பழையபடி அடியைப் பிடியடா பாரதபட்டா. அப்பாவின் பெயர்தான் எங்களுக்குக் கடைசிப் பெயர், அப்பாவுக்கு அவருடைய அப்பாவின் பெயர், ஆகவே ஒரே வீட்டில் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரே குடும்பப் பெயர் வராது என்று விளக்கினேன். அந்த வேலையில் இருந்த காலத்தில் இதை எத்தனை தடவை விளக்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அண்ணை பையைத் திறந்து சுகந்தியின் பிறப்புப் பத்திரத்தை எடுத்து நீட்டினார். அழகான தமிழில் இருந்தது. அவளுக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை.

"உறுதிப்படுத்திய மொழிபெயர்ப்பு வேண்டும்," என்றாள். "கவலைப்பட வேண்டாம். ஜனவரிச் சுற்று இருக்கிறதே. அதிலும் பேர்சரி உண்டு. ஆறுதலாக எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு வாருங்கள். இந்தப் பனிக்குள் இன்றைக்கே கொடுக்க என்ன அவசரம்?"

நல்ல மனதோடுதான் கேட்டாள். நான் வாயைத் திறக்க முதல் சுகந்தி பதில் சொல்லத் தொடங்கிவிட்டாள். ஆங்கிலத்தில், நிறுத்தாமல். எனக்குச் சொல்லிய அதே கதைதான். ஆனால் அழுதுகொண்டு சொன்னாள். என் முன்னால் அவள் அழுதது இல்லை.

அண்ணைக்கு அவ்வளவு வேகமான ஆங்கிலம் பிடிபடாது. என் பக்கம் சரிந்தார்.

"என்னவாம்? ஏன் அழுறாள்? ஃபோம் எடுக்கமாட்டினமோ?"

மொழிபெயர்ப்பு வேலையில் ஒரு விதி உண்டு. சொன்னதைச் சொல்ல வேண்டும், கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது. அவருக்குச் சொல்லாதேங்கோ என்று அந்தப் பிள்ளை கேட்டது ஒருபக்கம். இப்போது அவர் முன்னாலேயே சொல்கிறாள், அவர் கேட்கிறார். நான் விதியைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்கள் அடுத்த வருசம் சனி ஞாயிறு வேலைக்குப் போகக்கூடாதாம் அண்ணை. சுப்பவைசருக்கு நீங்கள் மறுமொழி சொல்ல முதல் பேர்சரி கிடைச்சிட்டுது எண்டு தெரியவேணுமாம். அதுக்குத்தான் இந்தமுறை போட நிண்டவளாம்."

அவர் மகளைப் பார்த்து, வரிசை முழுவதற்கும் கேட்கிற குரலில் கேட்டார்.

"உனக்கு ஆர் சொன்னது எனக்குக் களைக்குது எண்டு?"

"சோறு குழைச்ச கையோட நித்திரையாப் போறீங்கள் அப்பா. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். அம்மா கையைத் துடைச்சுவிடுறவ. உங்களுக்குத் தெரியாது."

அவருக்கு உண்மையாகவே தெரியாதுதான். கையைப் பார்த்தார், பிறகு கையைப் பொக்கற்றுக்குள் வைத்தார். நான் அங்கே மொழிபெயர்க்க வந்தவள், அழ வந்தவள் அல்ல, ஆகவே சுவரில் இருந்த விளம்பரம் ஒன்றை நன்றாக வாசித்தேன்.

யன்னலுக்குள் இருந்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். இவர் தகப்பன்தான் என்பதற்கு இனி மொழிபெயர்ப்புத் தேவையில்லை, ஆனால் ஃபைலுக்குத் தேவை, அடுத்த கிழமை கொண்டுவந்து தாருங்கள் என்றாள். ஃபோமில் அன்றைய திகதி முத்திரையைக் குத்தினாள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அண்ணை எனக்குத்தான் பேசினார். மகளுக்குப் பேச முடியாத கோபத்தை யாருக்காவது பேசத்தானே வேண்டும்.

"தங்கச்சி, வெள்ளெண எண்டால் ஆருக்கு விளங்கும்? ஆளுக்கொரு வெள்ளெண. திகதியையெல்லோ சொல்லவேணும்."

நியாயம்தான். அதன் பிறகு ஓய்வு பெறும்வரைக்கும் எந்தப் பெற்றோருக்கும் திகதியும் கிழமையும் சொல்லி, அவர்கள் வாயால் அதைத் திரும்பச் சொல்ல வைத்துத்தான் அனுப்பினேன். சிலர், நாங்கள் என்ன பாலர் வகுப்போ என்று முறைத்தார்கள். முறைத்தவர்களும் திகதியைச் சரியாகச் சொல்லிவிட்டே முறைத்தார்கள். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, இதை மட்டும் கேளுங்கள்: நீங்கள் சொன்னதைக் கணக்கில் வைக்காதீர்கள், அவர்கள் கேட்டது என்ன என்று கேட்டுப் பாருங்கள்.

கிறிஸ்மஸ் விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் பூட்டுவதற்கு முன்னர் சுகந்திக்குக் கடிதம் வந்தது. இடமும் கிடைத்தது, பேர்சரியும் கிடைத்தது. என் மேசையில் ஒரு பெட்டி லட்டு வந்து இறங்கியது. பாதியை மிஸிஸ் பார்க்கர் முடித்தார்.

புது வருடம் பிறந்து ஒரு சனிக்கிழமை காலை என் வீட்டுத் தொலைபேசி அடித்தது. கனகலிங்கம் அண்ணை.

"தங்கச்சி, ஒண்டு கேக்கிறன், சிரிக்கக்கூடாது."

"கேளுங்கோ அண்ணை."

"சனிக்கிழமையில வீட்டில நிக்கிற ஆக்கள் என்ன செய்யிறவை?"

சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்து, "நித்திரை கொள்ளுறவை அண்ணை," என்றேன்.

"கொண்டிட்டன். பிறகு?"

எந்தக் கல்லூரிக்கு எந்த நாள் கடைசி என்று கேட்டிருந்தால் சுவரைப் பார்க்காமல் சொல்லியிருப்பேன். இது நான் எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டாதது.

"மகளைக் கேளுங்கோ," என்றேன். "அவள்தானே உங்களுக்கு இந்தச் சனிக்கிழமையை வாங்கித் தந்தவள்."

அவர் ரிசீவரை வைக்காமலே, "சுகந்தி, இஞ்ச வா பிள்ளை," என்று கூப்பிடுவது கேட்டது.