களிமண்ணில் ஈரம்

அலசானிப் பள்ளத்தாக்கில் பிக்ரியாவை ஏமாற்றியவர் யாருமில்லை. ஏமாற்றப் பார்ப்பதாக அவள் நம்பியவர்கள்தான் ஊர் முழுக்க. ரொட்டி வாங்கினால் அடியைத் தட்டிப் பார்ப்பாள். திராட்சைப் பாகில் தோய்த்த அக்ரூட் சரங்களைக் காயப்போட்டால் தானே போட்ட முடிச்சுகளை ஞாபகம் வைத்துக்கொள்வாள். தேவாலயத்தில் ஜெபத்தின்போதுகூட ஒரு கண் திறந்தே இருக்கும்.

"கும்பிடறப்பகூட யாரை வேவு பாக்குறே?" என்று பக்கத்து வீட்டு எத்தேரி கேட்டால், "உன்னைத்தான்" என்பாள்.

புருஷன் இலிகோ போன குளிர்காலத்தில் இறந்தான். அதற்குச் சற்று முன் அவன் மிதித்த திராட்சைதான் கடைசி. ஒயின் அறையின் தரையில் கழுத்துவரை புதைந்த தாழியில் அது கிடந்தது. மேலே கல்மூடி, மூடியைச் சுற்றிக் களிமண் பூச்சு. முதலாண்டு நினைவு விருந்தில் அவன் கையால் ஆன அந்த ஒயினைத்தான் ஊற்ற வேண்டும். வேறு எதை ஊற்றினாலும் அது அவனுக்கான விருந்தாகாது. அதுவரை அதைக் கட்டிக் காக்க வேண்டும்.

அந்த அறை இலிகோவின் ராஜ்யம். தாழிச் சமாச்சாரம் அவளும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. கோடையில் ஒருநாள் எட்டிப் பார்த்தாள். வெளியே தோட்டத்து மண் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்க, மூடியின் களிமண் மட்டும் ஈரமாக இருந்தது. யாரோ திறந்து மூடியிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கொழுந்தன் ஷக்ரோதான். அக்ரூட் மரத்தடித் திராட்சைக் கொடிவரிசை யாருடையது என்று அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டு, பேச்சு நின்று பல வருடம். வரிசை ஷக்ரோவின் கையில் இருந்தது. அண்ணனுக்குக் குழி வெட்டியவன் ஒரு வார்த்தை பேசாமல் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அந்த வீட்டில் பிறந்தவன், சாவி நிலைப்படிக்கு மேலே இருப்பது அவனுக்குத் தெரியும்.

சாவி அவளுடைய மேலாடைப் பைக்கு இடம் மாறியது. அதன் பற்களைக் களிமண்ணில் அழுத்தி அடையாளமும் வைத்தாள். சில நாளில் அடையாளம் அழிந்து போயிருந்தது. மறுபடியும் ஈரம்.

ஞாயிற்றுக்கிழமை, தெருவே பார்க்கும்படி முக்காடிட்டுத் தேவாலயத்துக்குக் கிளம்பினாள். பாதி வழியில் திரும்பினாள். ஒயின் அறையின் பின்னால், திராட்சை கொட்டும் சன்னலுக்கு வெளியே இரண்டு கால்கள் தொங்கின. பூட்ஸை அவளுக்குத் தெரியும்.

"ஷக்ரோ."

கால்கள் அசையவில்லை. "அண்ணி, கொஞ்சம் தள்ளி விடுங்க. வயிறு சிக்கிக்கிச்சு."

"எங்க ஒயினைக் குடிச்சு வளர்ந்த வயிறுதானே, சிக்கட்டும்."

சுற்றிப் போய்க் கதவைத் திறந்தாள். முகம் சிவக்க, ஒரு குடத்தைக் கட்டிக்கொண்டு உள்பக்கம் தொங்கினான்.

"மொண்டுக்கிட்டுப் போகக் குடம் வேறயா?"

"உள்ள பாருங்க அண்ணி. திருட வர்றவன் நிறைகுடத்தையா தூக்கிட்டு வருவான்?"

குடத்தில் ஒயின் நிறைந்துதான் இருந்தது. அவளுடைய சந்தேகமும் கூடியது. "அப்ப எதைக் கலக்கப் பாக்குறே?"

"களிமண் காஞ்சா வெடிக்கும். காத்து புகுந்தா மொத்தமும் புளிச்சுக் காடியாயிடும். அதான் தண்ணி தெளிச்சேன். தாழி வத்தியிருக்கும், ரொப்பணும். அண்ணன் வருஷா வருஷம் செய்யறதுதான்."

"வாசல் வழியா வந்து சொல்றது."

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

அவள் குடத்தை முகர்ந்து பார்த்தாள். "எந்தத் திராட்சை?"

அவன் தாழியைப் பார்த்தான். "அக்ரூட் மரத்தடி வரிசை."

"அது எங்க வரிசை."

"அதனாலதான் இதைக் கொண்டாந்தேன்."

சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டாள். குடத்திலிருந்து ஒரு கிண்ணம் ஊற்றி முதலில் அவனைக் குடிக்க வைத்தாள். கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்திருந்துவிட்டுத் தானும் ஒரு வாய் குடித்தாள். பிறகு, "ஊத்து" என்றாள். கடைசிச் சொட்டு விழும்வரை இடுப்பில் கைவைத்து நின்றாள்.

விருந்தன்று எல்லோரும் வாய் நிறையக் குடித்துவிட்டு, "இலிகோ கை இலிகோ கைதான்" என்றார்கள். பிக்ரியா ஷக்ரோவைப் பார்த்தாள். அவன் ரொட்டியை அவரைக்குழம்பில் தோய்ப்பதிலேயே குறியாக இருந்தான். அவளும் வாயைத் திறக்கவில்லை.

கடைசியாகக் கிளம்பிய ஷக்ரோ மூலையில் கிடந்த தன் குடத்தை எடுத்துக்கொண்டான்.

"அதைக் கொஞ்சம் கவிழ்" என்றாள்.

கவிழ்த்தான். ஒன்றும் விழவில்லை.

"சரி, போ" என்றாள். ஆனாலும் அவன் மதிலைத் தாண்டும்வரை வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.