பகல் ஒரு மணிக்கு மேல் வரும் பிழை

முதலியார்பேட்டையில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் சலீம் பாய்க்கு, ஜாவாவில் ஒரு ஸ்டாக் ஆப் எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரமாகத் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அவரிடமிருந்து போன்.

"தங்கச்சி, சேவ் அமுக்குனா மறுபடியும் பாஸ்வேர்டு கேக்குது. அடிச்சதெல்லாம் போச்சு!"

சர்வரில் மெமரி பார்த்தேன். லாக் ஃபைலை வரி வரியாகப் படித்தேன். ஒன்றும் கிடைக்காமல் டேட்டாபேஸ் மீது பழி போட்டேன். தூக்கம் போனதுதான் மிச்சம்.

இன்று பொறுக்க முடியாமல் கடைக்கே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

பாய் நிதானமாகப் பாதி ஃபாரத்தை நிரப்பினார். மணி ஒன்று ஆனதும் எழுந்து ஷட்டரை இழுக்கப் போனார்.

"எங்க பாய் கெளம்பிட்டீங்க? இன்னும் சேவ் பண்ணலயே!"

"வூட்டுக்குப் போய் சாப்ட்டு, ஒரு தூக்கம் போட்டுட்டு, நாலு மணிக்கு வந்து மிச்சத்த அடிப்பேன். இந்த ஊர்ல எல்லாக் கடையும் அப்படித்தானே?"

அரை மணி நேரம் யாரும் தொடாவிட்டால் ஆப் ஆளை வெளியே தள்ளிவிடும். ஜாவாவில் தானாகவே வரும் அந்த முப்பது நிமிடத்தை நான் மாற்றவே இல்லை. அங்கேயே உட்கார்ந்து இருநூற்று நாற்பது ஆக்கினேன்.

ஒப்புதலுக்கு வந்த மாற்றத்தைப் பார்த்து, சென்னையில் இருக்கும் டீம் லீடர் உடனே கேட்டார்: "நாலு மணி நேரமா? காரணம் எழுதுங்க."

"புதுச்சேரி" என்று மட்டும் எழுதினேன்.

மறுபேச்சில்லாமல் அனுமதித்துவிட்டார். அவர் மாமியார் வீடும் இதே ஊர்தான், லாஸ்பேட்டையாம்.

உங்கள் ஊருக்கு எத்தனை நிமிடம் போடட்டும்?