மிக்கேல் போட்ட ஜாயிண்ட்

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடி டெலக்ஸ் டெஸ்ட் ரூமில், லைன் பழுதைக் கண்டுபிடிக்கிற வேலை எனக்கு. ஊரிலிருந்து புதுத் துறைமுகம் வரை, உப்பளங்களை ஒட்டிய சாலையோரமாக மண்ணுக்கடியில் ஓர் ஈயக் கேபிள் போயிற்று. கப்பல் ஏஜென்ட்டுகளுக்குத் தட்டச்சில் செய்தி வரும் டெலக்ஸ் லைன் எல்லாம் அதில்தான். சித்திரை வெயிலில், ஒரு திங்கட்கிழமை காலை, அந்த லைன்கள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கத் தொடங்கின.

முதலில் கூப்பிட்டவர் ஓர் ஏஜென்சியின் மேனேஜர்.

"அண்ணாச்சி, மெசின் பாட்டுக்கு எக்ஸும் இசட்டுமா அடிச்சுத் தள்ளுது. கப்பல் வெளிய நங்கூரம் போட்டு நிக்கி. எந்தச் சரக்க மொதல்ல இறக்கன்னு கேட்டிருந்தேன். பதில் வந்திருக்கு, படிக்கத்தான் முடியல!"

மெக்கர் மீட்டர் வைத்துப் பார்த்தேன். இன்சுலேஷன் மிகவும் இறங்கியிருந்தது. கேபிளுக்குள் எங்கோ ஈரம். எங்கள் முனையிலிருந்து பிரிட்ஜ் டெஸ்ட் செய்து, பழுது எவ்வளவு தூரத்தில் என்று கணக்கிட்டேன். ஆயிரத்து முந்நூறு மீட்டர் வந்தது. கேபிள் வரைபடத்தில் அந்த இடத்தில் இரண்டு துண்டை இணைத்த ஒரு ஜாயிண்ட் இருந்தது. ஆறு மாதத்துக்கு முன் மிக்கேல் போட்டது.

மிக்கேல் எங்கள் ஜாயிண்டர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பல வருடம் தினக்கூலியாக இருந்துவிட்டு, அந்த மாதம்தான் நிரந்தரமாக்கும் பட்டியலில் அவர் பெயர் சேர்ந்திருந்தது.

எஞ்சினியர் என் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். துறைமுகத்திலிருந்து அவருக்கு அரைமணிக்கு ஒரு போன்.

"ஜாயிண்ட் சரியில்லைன்னு எழுதிக் கொடுங்க. மேல கேக்கிறாங்க."

எனக்கும் அலுப்பு. கணக்கு சரிதானா என்று மறுமுனையில் சோதிக்கத் துறைமுகம் வரை போகவேண்டும். ஜீப் இல்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மத்தியானமே மிக்கேலுக்கு மெமோ வந்துவிட்டது.

மறுநாள் காலையில் தோண்டினோம். மிக்கேல் குழிக்குள் இறங்கி, தான் போட்ட ஜாயிண்டைத் தானே அறுத்துத் திறந்தார். கம்பியில் இன்சுலேஷனாகச் சுற்றிய காகிதத்தில் ஒரு துண்டைக் கிள்ளி, கொதிக்கிற பாரபின் மெழுகில் போட்டார். ஈரம் இருந்தால் சடசடவென்று நுரைக்கும். காகிதம் சத்தமில்லாமல் மூழ்கியது. இன்னொரு துண்டு போட்டார். அதுவும் அப்படித்தான்.

"மீட்டர மட்டும் பாத்து எழுதிட்டீங்க, சார். இதத் தொறந்து பாத்துட்டு எழுதியிருக்கப்படாதா?"

அவ்வழியே போன உப்பு லாரியில் ஏறித் துறைமுகத்துக்குப் போய், அந்த முனையிலிருந்து டெஸ்ட் எடுத்தேன். இரண்டு முனைத் தூரத்தையும் கூட்டினால் வரைபடத்து நீளத்தைவிட எண்பது மீட்டர் அதிகம் வந்தது. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். எண்பதுதான்.

அப்போதுதான் உறைத்தது. இரண்டு வருடத்துக்கு முன், உப்பளத்து வாய்க்காலுக்குப் பாலம் கட்டியபோது கேபிளை வெட்டி, வாய்க்காலைச் சுற்றி வளைத்துப் போட்டோம். மேற்பார்வை பார்த்தது நான். வரைபடத்தில் குறிக்க வேண்டியதும் நான்தான். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது, விட்டதுதான். அந்தச் சுற்றில் போன எண்பது மீட்டரைக் கழித்தால் பழுது ஜாயிண்டில் இல்லை. அதற்கு முன்னால், வாய்க்கால் கரையில்.

அங்கே தோண்டினோம். ஈய உறையை உப்புநீர் அரித்துக் கீறல் விட்டிருந்தது. அந்த இடத்துக் காகிதத்தை மெழுகில் போட்டபோது நுரைத்துப் பொங்கியது. நனைந்த பகுதியை வெட்டிவிட்டுப் புதுக் கேபிள் வைத்து இணைத்தவரும் மிக்கேல்தான். சாயங்காலம் லைன்கள் சரியாயின. மேனேஜர் நன்றி சொன்னார்.

எஞ்சினியரிடம் உள்ளதைச் சொன்னேன். பேனா மூடியைத் திருகி மூடினார்.

"லைன் சரியாயிடுச்சில்ல? அப்புறம் ஏன் கிளறுறீங்க? எழுதினா உங்க சர்வீஸ் புக்குல ஏறும்."

வீட்டுக்குப் போய் இரண்டு நாள் யோசித்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இரண்டாவது பிரசவத்துக்கு மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாள். எனக்கும் பிரமோஷன் வரவேண்டியிருந்தது. மூன்றாம் நாள், ஜாயிண்டில் குறையில்லை, வரைபடத்தில் குறிக்காதது என் தவறு என்று எழுதிக் கொடுத்தேன். மிக்கேலின் மெமோ ரத்தானது. எனக்குக் கண்டனக் கடிதம் வந்தது.

ஆனால் அந்த இரண்டு நாளில் நிரந்தரப் பட்டியல் மதுரை மேலலுவலகத்துக்குப் போய்விட்டது. மெமோ இருந்ததால் மிக்கேலின் பெயரை அடித்துத்தான் அனுப்பியிருந்தார்கள். அடுத்த பட்டியல் வர இரண்டு வருடம் ஆயிற்று.

பெயர் அடிபட்டது தெரிந்ததுமே அதைச் சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"எழுதிக் குடுத்தீங்கன்னு கேள்விப்பட்டேன். அந்தமட்டுக்கும் சரி. ஆனா மொத நாளே நீங்க எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம், சார். வாய்க்காச் சுத்திக் கேபிள் போனது எனக்குத் தெரியுமே. அன்னைக்கு நானும்லா அங்கன நின்னேன்."

கேட்கத் தோன்றவே இல்லை. டெஸ்ட் ரூமிலிருந்து அவர் நின்ற கேபிள் குடோன் நாற்பது அடி தூரம்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இவ்வளவுதான் சொல்வேன். இரண்டு முனையிலும் டெஸ்ட் எடுங்கள். பழுது எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று மட்டும்தான் பிரிட்ஜ் சொல்லும், யாருடைய தவறு என்று அதற்குத் தெரியாது. அந்தப் பெயரை எழுதுகிற கை உங்களுடையது. எழுதுமுன் எழுந்து போய் அவரிடம் கேளுங்கள்.